போர் விமான உதிரிபாகம்: பெர்மிட்டில் உங்கள் பெயர் ஏறுமுன்

கேள்வி: சிங்கப்பூரின் லோயாங் வட்டாரத்தில் விமான உதிரிபாகங்களை வாங்கி விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் ஏற்றுமதி ஆவணங்களைக் கவனிக்கிறேன். இதுவரை எல்லாம் பயணிகள் விமானச் சாமான்கள்தான். இப்போது முதலாளி ஒரு பெரிய ஆர்டரைப் பிடித்திருக்கிறார். ஒரு நாட்டின் அரசாங்கத்துக்குப் பழைய இலகு போர் விமானங்கள் ஆறு, அவற்றுக்கு மூன்று ஆண்டுக்கான உதிரிபாகங்கள். விமானங்கள் சிங்கப்பூருக்கே வராது. வேறொரு நாட்டிலிருந்து நேரே போய்விடும். உதிரிபாகங்கள் மட்டும் இங்கிருந்து, மூன்றாவது நாட்டிலுள்ள ஒரு தரகு நிறுவனத்தின் பெயருக்கு. வாங்கும் நாட்டில் மாதக்கணக்கில் மக்கள் போராட்டம் நடக்கிறது. ராணுவம் சுட்டதில் பலர் இறந்திருக்கிறார்கள். ஐநா தடை எதுவும் இல்லை என்கிறார் முதலாளி. ஆவணத்தில் 'பயிற்சி விமானம்' என்று இருக்கிறது. "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? நாம் சாமான் விற்கிறோம், அவ்வளவுதான்" என்பது அவர் பேச்சு. சுங்க அனுமதிக்கான டிரேட்நெட் இணைய முறையில் பெர்மிட் என் பெயரில்தான் போகும். நான் வெளிநாட்டவன், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறேன். மனைவியும் தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகளும் என்னைச் சார்ந்து இங்கே. என்ன செய்வது, ஐயா?

பதில்: முதலில் அந்தப் பழமொழியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் முதலாளியின் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. அம்பு கைவிட்டுப் போனால் போனதுதான். போர் விமானம் அப்படியல்ல. விற்ற பிறகும் மாதாமாதம் விற்றவரின் வாசலுக்குத் திரும்பி வந்து நிற்கும்: டயர், பிரேக் தட்டு, ஹைட்ராலிக் சீல், எரிபொருள் பம்ப், டர்பைன் பிளேடு, ஆயுள் முடிந்த வெடிபொருள் தோட்டா என்று ஒவ்வொன்றுக்கும். இந்த வரத்து நின்றால் சில மாதங்களில் பாதி விமானங்கள் கொட்டகையைவிட்டு வெளியே வராது. அப்படியானால் உதிரிபாகம் அனுப்புகிறவருக்கு அடுத்த மாதம் அந்த விமானம் பறக்குமா என்பதில் பங்கு உண்டு. "நாம் சாமான் மட்டும்தான்" என்பது இந்தத் தொழிலில் பொருந்தாத பேச்சு.

இதற்குப் பக்கத்து நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1999இல், அப்போது இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரில் நடந்த வன்முறைக்குப் பிறகு அமெரிக்கா இந்தோனேசியாவுடனான ராணுவ விற்பனையை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் அந்த செப்டம்பரில் நான்கு மாதத் தடை போட்டது. இந்தோனேசியாவின் எஃப்-16 விமானங்கள் உதிரிபாகம் இல்லாமல் தரையில் முடங்கின. 2003இல் ஜகார்த்தா ரஷ்யாவின் சுகோய் பக்கம் திரும்பியதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம். தடை இன்னொரு விதத்திலும் கடித்தது. 2004 டிசம்பர் சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்துக்கு நிவாரணம் கொண்டுபோக வேண்டிய சி-130 சரக்கு விமானங்களுக்கும் பாகம் போதவில்லை. 2005 ஜனவரியில் அமெரிக்கா அவற்றுக்கு மட்டும் பாகங்களை விடுவித்தது. ஒரு பெட்டி உதிரிபாகத்துக்கு எவ்வளவு வலு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதே இந்தோனேசியா இன்னொரு பாடமும் தருகிறது. பிரிட்டன் ஹாக் விமானங்களை விற்றபோது, உள்நாட்டு மக்கள்மேல் பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதிமொழியைப் பெற்றது. ஹாக்கும் பயிற்சி விமானக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயுதம் மாட்டினால் தரைத்தாக்குதல் செய்யும். 1999இல் அந்த விமானங்கள் கிழக்குத் திமோர் வானில் பறந்தன. 2003இல் ஆச்சே நடவடிக்கையிலும் பறந்தன. உறுதிமொழி காகிதத்தில் பத்திரமாக இருந்தது. குண்டே போடாமல் ஊர்மேல் தாழப் பறந்தாலே போதும், கீழே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நம் வாசகர்களில் யாழ்ப்பாணத்து உறவுகள் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மேல் இலங்கை விமானப்படையின் குண்டு விழுந்ததை அவர்கள் தேதியோடு சொல்வார்கள். அந்த விமானப்படையின் விமானங்களும் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஆவணம் போட்டு அனுப்பப்பட்டவைதான்.

இனி உங்கள் மேசையில் இருக்கும் வேலைக்கு வருவோம்.

சிங்கப்பூரில் இதைக் கட்டுப்படுத்துவது வியூகப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம். 2003 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிர்வகிப்பது சிங்கப்பூர்ச் சுங்கத்துறை. ராணுவப் பொருள் பட்டியல் ஒன்று, ராணுவத்துக்கும் மற்ற வேலைக்கும் உதவும் இருவகைப் பயன்பாட்டுப் பொருள் பட்டியல் ஒன்று. ராணுவப் பயன்பாட்டுக்கென வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த விமானமும், அதற்கெனவே செய்த பாகங்களும் முதல் பட்டியலில் எம்எல் 10 என்ற தலைப்பில் வரும். குண்டு, ராக்கெட், அவற்றை ஏவும் கருவிகள் எம்எல் 4. 'பயிற்சி விமானம்' என்று எழுதியதால் எம்எல் 10லிருந்து தப்பிவிட முடியாது. கேள்வி அது ராணுவத்துக்கென வடிவமைக்கப்பட்டதா என்பதுதான், விளம்பரத் தாளில் என்ன பெயர் என்பதல்ல.

இந்த இடத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. பயணிகள் விமானப் பாகத்தை அனுப்பிப் பழகிய கை, சரக்குக் குறியீடு 8807 என்று போட்டதோடு வேலை முடிந்ததென்று நினைக்கும். 8807 என்பது சுங்க வரிக்கான தலைப்பு; அதில் போயிங்கின் பாகமும் போர் விமானத்தின் பாகமும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். வியூகப் பொருள் குறியீடு தனி. ஒவ்வொரு வரியையும் பாக எண்ணை வைத்துத்தான் வகைப்படுத்த வேண்டும். பாக எண், உற்பத்தியாளர், நேட்டோ இருப்பு எண் இருந்தால் அதன் 13 இலக்கம், எந்த விமானத்தில் பொருந்தும், அந்தப் பாகம் பயணிகள் விமானத்திலும் பொருந்துமா, இந்த ஐந்தையும் ஒரு விரிதாளில் போடுங்கள். இரண்டிலும் பொருந்தும் சாதாரண போல்ட்டும் பேரிங்கும் பட்டியலுக்கு வெளியே விழக்கூடும். போர் விமானத்துக்கென்றே செய்தவை உள்ளே வரும். உற்பத்தியாளரிடமிருந்து வகைப்பாட்டுக் கடிதம் கேளுங்கள். தர மறுத்தாலோ 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்றாலோ, அந்த வரியை நிறுத்தி வைத்துவிட்டுச் சுங்கத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

நம் சட்டத்தில் பட்டியலில் இல்லாத பொருளையும் பிடிக்கும் ஒரு பொதுப் பிரிவு உண்டு. ஆனால் அது அணு, ரசாயன, உயிரியல் ஆயுதங்களோடும் அவற்றைச் சுமக்கும் ஏவுகணைகளோடும் தொடர்புடைய பயன்பாட்டுக்குத்தான். சாதாரண ராணுவப் பயன்பாட்டுக்கு அப்படி ஒரு வலை விரிக்கப்படவில்லை. பட்டியலுக்கு வெளியே விழும் பாகங்களை வைத்துத்தான் முதலாளிகள் 'சட்டப்படி ஒன்றுமில்லை' என்று சொல்வார்கள். அதற்குச் சற்றுப் பின்னர் வருகிறேன்.

'விமானங்கள் சிங்கப்பூருக்கே வராது' என்பதும் கவசம் அல்ல. ஒரு வெளிநாட்டிலிருந்து இன்னொரு வெளிநாட்டுக்குப் போகும் பொருளுக்கு இங்கே உட்கார்ந்து பேரம் பேசினாலும் ஏற்பாடு செய்தாலும், அது தரகு. சட்டத்தின் 6ஆம் பிரிவு அதைப் பற்றியது. தரகுக் கட்டுப்பாட்டுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. அந்த விமானமும் அதோடு போகும் ஆயுதக் கருவிகளும் அதில் வருகின்றனவா என்று பார்த்து, சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் சுங்கத்துறையின் பதிலைக் கையில் வாங்கிய பிறகே அடுத்த மின்னஞ்சல் போக வேண்டும். மின்னஞ்சல் என்றதும் இன்னொன்று: பழுதுபார்ப்புக் கையேடு, வரைபடம், மென்பொருள் ஆகியவையும் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. பெட்டியில் போகும் பிளேடுக்கு அனுமதி வாங்கிவிட்டு, அதைப் பொருத்தும் கையேட்டை மேகக் கோப்புறையில் பகிர்ந்து மாட்டிக்கொண்டால் யாரும் இரக்கப்படமாட்டார்கள்.

தண்டனை இப்படி: முதல் முறை குற்றத்துக்கு 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது பொருளின் மதிப்பில் மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். மறுமுறை என்றால் 200,000 வெள்ளி அல்லது நான்கு மடங்கு, மூன்று ஆண்டு வரை சிறை. மூன்று மடங்கு என்ற கணக்கைக் கவனியுங்கள். 4 மில்லியன் வெள்ளிப் பெட்டிக்கு 12 மில்லியன். நிறுவனம் மட்டுமல்ல, தெரிந்தே செய்த மனிதரும் பொறுப்பாவார். பெர்மிட் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம். டிரேட்நெட்டில் அறிவிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும்போது 'முதலாளி சொன்னார்' என்பது விளக்கம் ஆகலாம், விடுதலை ஆகாது.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் அமெரிக்கச் சட்டம். பாகம் அமெரிக்காவில் செய்யப்பட்டதாயிருந்தால், அது லோயாங்கில் எத்தனை ஆண்டு தூங்கினாலும் அந்தச் சட்டம் அதைவிட்டுப் போகாது. ஐடார் எனப்படும் அமெரிக்க ஆயுத ஏற்றுமதி விதிகளுக்கு உட்பட்ட ராணுவப் பாகத்தை மறு ஏற்றுமதி செய்ய வாஷிங்டனின் வெளியுறவுத் துறை எழுத்தில் அனுமதிக்க வேண்டும். அந்தப் பாகம் இன்னொரு பெரிய கருவிக்குள் பொருத்தப்பட்டிருந்தாலும் விதி உள்ளே ஊடுருவிப் பார்க்கும். பத்து வெள்ளி வால்வு பத்து லட்சம் வெள்ளிக் கருவியை நிறுத்தும். வணிகத் துறையின் பட்டியலில் '600 வரிசை' என்று ஒரு பகுதி உண்டு. அதில் வரும் ராணுவப் பாகங்கள், அமெரிக்கா ஆயுதத் தடை விதித்த நாடுகளுக்குப் போகும்போது 'அமெரிக்கப் பங்கு சிறிதளவே என்றால் உரிமம் வேண்டாம்' என்ற சலுகையே கிடையாது, சதவீதம் பூஜ்ஜியம். மியன்மார் போன்ற சில நாடுகளின் ராணுவத்துக்கு என்றால், பட்டியலிட்ட சாதாரணப் பொருள்களுக்கும் உரிமம் வேண்டும். இதை மீறிய நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து போல்ட்கூட வராது. உங்கள் முதலாளியின் மொத்த வியாபாரமும் பயணிகள் விமானப் பாகங்கள் என்கிறீர்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்கச் சரக்காகத்தான் இருக்கும். ஒரு ஆர்டருக்காக எதைப் பணயம் வைக்கிறார் என்பதை அவருக்கு இந்தக் கோணத்தில் காட்டுங்கள். இது அவருக்குப் புரியும் பாஷை.

ஐநா தடை இல்லையென்பது உண்மையாயிருக்கலாம். அது ஒரு கதவு மட்டும்தான் திறந்திருக்கிறது என்று பொருள். மியன்மாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு பாதுகாப்பு மன்றம் ஆயுதத் தடை விதிக்கவில்லை. ஆனால் 2021 ஜூன் 18 அன்று ஐநா பொதுச்சபை, அங்கே ஆயுதம் போவதைத் தடுக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 119 நாடுகள் ஆதரவு, ஒன்று எதிர்ப்பு, 36 வாக்களிக்கவில்லை. ஆதரித்தவற்றில் சிங்கப்பூரும் ஒன்று. மியன்மாருக்கு ஆயுதம் அனுப்புவதைத் தடுப்பதும், ராணுவப் பயன் இருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்ட இருவகைப் பொருள்களுக்கு அனுமதி தராமலிருப்பதும் சிங்கப்பூரின் கொள்கை. வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் இதை நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே சட்டப் பட்டியலின் ஓட்டையைக் காட்டி 'ஒன்றுமில்லை' என்பவர், பெர்மிட் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கையில் இருக்கும் கொள்கையை மறந்துவிடுகிறார்.

'நாம் விற்காவிட்டால் இன்னொருவன் விற்பான்' என்ற வாதமும் வரும். அதற்கும் கணக்கு இருக்கிறது. ஐநாவின் மியன்மார் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு ராணுவத்துக்குப் போன ஆயுதங்களும் மூலப்பொருள்களும் குறைந்தது 100 கோடி அமெரிக்க டாலர் என்றும், அதில் 25.4 கோடி சிங்கப்பூரிலிருந்து இயங்கிய நிறுவனங்கள் வழியே போனது என்றும் எழுதினார். சிங்கப்பூர் விசாரித்தது. அவருடைய 2024 ஜூன் அறிக்கையின்படி, சிங்கப்பூரில் பதிந்த நிறுவனங்கள் வழியே போனது ஓராண்டில் 11 கோடி டாலருக்கு மேலிருந்து ஏறத்தாழ 1 கோடிக்கு இறங்கியது. உடனே 'தாய்லாந்து வழியே ஏறியதே' என்பார்கள். உண்மை, 6 கோடியிலிருந்து 13 கோடியை நெருங்கியது. ஆனால் வங்கிகள் வழியே நடந்த மொத்தக் கொள்முதலே 37.7 கோடியிலிருந்து 25.3 கோடிக்குக் குறைந்தது. ஒரு கதவு மூடினால் கொஞ்சம் வேறு வழியில் போகிறது, எல்லாமும் போய்விடுவதில்லை. 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் வட்டாரத்தின் பாசிகி கிராமத்தில் வான்தாக்குதலில் 160க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குறையும் ஒவ்வொரு பெட்டிக்கும் அர்த்தம் உண்டு.

நீங்கள் நாட்டின் பெயரை எழுதவில்லை. எந்த நாடாயிருந்தாலும் ஆர்டரின் உதிரிபாகப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யுங்கள். விமானம் எதற்கு என்பதை ஆவணம் மறைக்கும், எண்ணிக்கை மறைக்காது.

எடுத்துக்காட்டுக்கு டயரைப் பார்ப்போம். வாங்குகிறவர் 'பயிற்சிக்கு, விமானத்துக்கு மாதம் 12 மணி' என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு விமானம், பன்னிரண்டு மாதம்: 864 மணி. ஒரு பறப்பு ஒரு மணி என்றால் 864 தரையிறக்கம். கையேட்டில் பிரதான டயர் 40 தரையிறக்கம் தாங்கும் என்றிருந்தால், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 43 டயர். பத்து உபரி சேர்த்தாலும் 53. பட்டியலில் ஆண்டுக்கு 150 என்று இருந்தால், யாரோ மூன்று மடங்கு பறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள், அல்லது வேறு விமானங்களுக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். தரையிறக்க எண்ணை அந்தந்த விமானத்தின் கையேட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள். கணக்கு முறை மாறாது.

டயரைவிடக் கூர்மையாகப் பேசுவது தோட்டாக்கள். குண்டுத் தாங்கியிலிருந்து குண்டைத் தள்ளிவிடச் சிறு வெடிமருந்துத் தோட்டா பயன்படும். பல மேற்கத்தியத் தாங்கிகளில் ஒரு குண்டுக்கு இரண்டு. பயிற்சிப் படைக்கும் கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் 2,000 தோட்டா என்பது ஆயிரம் முறை குண்டு உதிர்ப்பது. அதேபோல் இறக்கையின் கீழ் ஆயுதம் மாட்டும் பைலன், வெளி எரிபொருள் தொட்டி, 23 மில்லிமீட்டர் துப்பாக்கிக் குழல், 80 மில்லிமீட்டர் ராக்கெட் கூண்டு ஆகியவை பட்டியலில் எத்தனை, ஆகாயத்திலிருந்து ஆகாயத்துக்கு ஏவும் கருவிகள் எத்தனை என்று இரண்டு பத்தியில் எழுதிப் பாருங்கள். அண்டை நாட்டு விமானத்துக்கு அஞ்சுகிறவர் ரேடார் பாகமும் ஏவுகணைத் தண்டவாளமும் கேட்பார். தெருவில் கூட்டத்தைப் பார்த்து அஞ்சுகிறவர் ராக்கெட் கூண்டும் துப்பாக்கிக் குழலும் கேட்பார்.

இங்கே மனசாட்சியுள்ளவர்களையே குழப்பும் ஒரு பொருள் உண்டு: விமானி வெளியேறும் இருக்கையின் தோட்டாக்கள். 'இது உயிர்காக்கும் சாதனம் அல்லவா, இதற்குமா தடை?' என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். அந்தத் தோட்டாக்களுக்கு ஆயுட்காலம் உண்டு. காலம் கடந்துவிட்டால் முறையாக நடக்கும் எந்த விமானப்படையிலும் அந்த விமானத்துக்குப் பறக்க அனுமதி கிடைக்காது. அதாவது விமானி உயிரைக் காக்கும் அந்தச் சிறு குழாய்தான் விமானத்தைப் பறக்க வைக்கும் சாவியும். விமானம் தரையில் நின்றால் விமானிக்கு ஆபத்தில்லை. எனவே அதைத் தனியாக எடுத்து நல்ல சாமான் என்று வகைப்படுத்த முடியாது. மற்றவற்றோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். அது வெடிபொருளும் என்பதால் காவல்துறை உரிமம், ஆபத்தான சரக்கு விதிகள் எல்லாம் தனி.

பொருளை யார், எதற்குப் பயன்படுத்துவார் என்று வாங்குகிறவர் எழுதித் தரும் இறுதிப் பயனாளர் சான்றிதழுக்கு வருவோம். உங்கள் ஆர்டரில் எனக்கு மிகவும் உறுத்துவது மூன்றாம் நாட்டுத் தரகு நிறுவனம். அரசாங்கம் வாங்குகிறது என்றால் சரக்குப் பெறுபவர் பெயரில் ஏன் அமைச்சு இல்லை? சான்றிதழில் கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தேதி, ஒவ்வொரு பொருளின் அளவு, வேறு யாருக்கும் கைமாற்றமாட்டோம் என்ற வாசகம் இருக்க வேண்டும். 'விமான உதிரிபாகங்கள், ஒரு தொகுதி' என்று மட்டும் இருந்தால் அது சான்றிதழே இல்லை. சரிபார்க்கும்போது அந்தத் தாளின் தலைப்பில் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள்; போலியாய்ச் செய்தவர் தன் எண்ணைத்தான் போட்டிருப்பார். சிங்கப்பூரிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்தின் வழியே எழுத்தில் உறுதி கேளுங்கள். தரகு நிறுவனம் எப்போது பதிவானது, இதற்குமுன் என்ன செய்தது, அதன் கமிஷன் எத்தனை விழுக்காடு, பணம் எந்த நாட்டு வங்கியிலிருந்து வருகிறது என்பதையும் கேட்டு வையுங்கள். இலங்கை 2006இல் உக்ரேனிலிருந்து நான்கு பழைய மிக்-27 வாங்கிய விவகாரம், பணம் உண்மையில் யாருக்குப் போனது என்ற கேள்வியால் பத்தாண்டுக்குப் பிறகும் விசாரணையில் இழுபட்டது. கமிஷனுக்குள் லஞ்சம் இருந்தால் அது நம் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கும் வந்துவிடும். பணம் குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகம் வந்தால், சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. அப்படித் தெரிவித்ததை எதிர்த்தரப்புக்குச் சொல்லிவிடக் கூடாது, அது தனிக் குற்றம்.

வியாபாரமாகவே பார்த்தாலும் இது கெட்ட ஆர்டர். தெருவில் கூட்டம் நிற்கும் அரசாங்கத்துக்கு விற்பவர், அடுத்த ஆண்டு யார் பணம் கட்டுவார் என்பதை அறியமாட்டார். ஈரானின் ஷா 80 எஃப்-14 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். 79 போய்ச் சேர்ந்தபின் 1979 புரட்சி வந்தது. விமானங்கள் புதிய ஆட்சியின் கையில், பாகங்களுக்குத் தடை. பின்னாளில் அமெரிக்கா தன்னிடமிருந்த ஓய்வுபெற்ற எஃப்-14களை நொறுக்கித் துண்டாக்கியது, அவற்றின் பாகங்கள் ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று. லிபியாவில் 2011 பிப்ரவரி 21 அன்று பெங்காசியைத் தாக்க அனுப்பப்பட்ட இரண்டு மிராஜ் விமானிகள் மறுத்து மால்டாவில் போய் இறங்கினார்கள். ஐந்து நாளில் ஐநா ஆயுதத் தடை வந்தது. அன்று நடுவழியில் சரக்கு வைத்திருந்தவர்களின் ஒப்பந்தத்தில், உரிமம் மறுக்கப்பட்டாலோ ரத்தானாலோ அபராதமின்றி விலகலாம் என்ற வாசகம் இல்லையென்றால் நஷ்டம் முழுவதும் அவர்கள் தலையில்.

எல்லா அரசாங்கத்துக்கும் எப்போதும் விற்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தன் வான் எல்லையைக் காக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. சிங்கப்பூரும் அப்படித்தான் வாங்குகிறது. ஆனால் நீங்கள் எழுதிய விவரங்களில், சொந்த மக்களைச் சுடும் ராணுவம், 'பயிற்சி' என்ற போர்வை, மறைந்து நிற்கும் தரகர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. இந்த ஆர்டரை எடுக்கக் கூடாது என்பது என் முடிவான கருத்து.

இப்போது உங்கள் நிலைமை. வாய்ப்பேச்சில் மறுக்காதீர்கள், வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. அலுவலக மின்னஞ்சலில், முதலாளிக்கும் இயக்குநர் ஒருவருக்கும் சேர்த்து எழுதுங்கள். குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம். பெட்டி ஏற்கெனவே ஏதாவது போயிருந்தால் சுங்கத்துறையின் தன்னார்வ வெளிப்படுத்தல் திட்டம் இருக்கிறது என்பதை முதலாளிக்குச் சொல்லுங்கள். தானாக முன்வந்து சொல்பவரை அவர்கள் பிடிபட்டவரைப் போல் நடத்துவதில்லை. நிறுவன ஆவணங்களைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். யார், எந்த நாளில், என்ன சொன்னார் என்று உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் டிரேட்நெட் கடவுச்சொல்லை மாற்றுங்கள், இன்றே. அதை வேறொருவர் பயன்படுத்தினாலும் திரையில் விழுவது உங்கள் பெயர்.

வேலை போகலாம். அதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நல்லதல்ல. தவறாக நீக்கப்பட்டதாகக் கருதினால், கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முத்தரப்புச் சச்சரவு நிர்வாக அமைப்பிடம் முறையிட வேண்டும். நாள் தவறினால் வாய்ப்பு போய்விடும். பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் குறுகிய காலத் தங்கும் அனுமதி கிடைக்கும். உங்கள் பாஸைச் சார்ந்திருப்பதால் மனைவி, மகள் பாஸ்களும் அதோடு முடியும். எனவே மின்னஞ்சலை அனுப்புமுன்பே சுயவிவரத்தைப் புதுப்பியுங்கள். லோயாங்கிலும் செலேத்தாரிலும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு தெரிந்த ஆவண ஊழியர்களுக்குத் தேவை இருக்கிறது. மகளின் பள்ளித் தவணை எப்போது முடிகிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மனைவியிடம் இன்றிரவே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்; முடிவு உங்கள் இருவருடையது.

மின்னஞ்சலுக்கு இந்த வாசகம் போதும்: "இந்த ஆர்டரில் உள்ள பொருள்கள் ராணுவப் பொருள் பட்டியலில் வரக்கூடியவை. உற்பத்தியாளரின் வகைப்பாட்டுக் கடிதம், அமைச்சின் பெயரில் பொருள்வாரியான இறுதிப் பயனாளர் சான்றிதழ், அமெரிக்கச் சரக்குக்கு மறு ஏற்றுமதி அனுமதி, தரகு பற்றிச் சுங்கத்துறையின் எழுத்துப் பதில், இவை என் கைக்கு வரவில்லை. வாங்கும் நாட்டில் பொதுமக்கள்மேல் ஆயுதம் பயன்படுத்தப்படுவதாகச் செய்திகள் உள்ளன. பட்டியலில் உள்ள அளவுகள் பயிற்சிக்கானவையாகத் தெரியவில்லை, கணக்கை இணைத்திருக்கிறேன். இந்த நிலையில் என் பெயரில் பெர்மிட் விண்ணப்பம் அனுப்ப இயலாது. ஆர்டரைக் கைவிடுமாறு பரிந்துரைக்கிறேன்." டயர் கணக்கையும் தோட்டாக் கணக்கையும் ஒரே பக்கத்தில் இணையுங்கள். கையேட்டுப் பக்க எண்ணைப் போட மறக்காதீர்கள். முதலாளி முதலில் அதைத்தான் சரிபார்ப்பார்.